சாவு டிஸ்க்

எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க் இருந்துச்சு. ஒண்ணு சுப டிஸ்க், இன்னொண்ணு சாவு டிஸ்க். சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க. பேரு வெச்சது என் வீட்டுக்காரரு.

முத்தியால்பேட்டையில எங்க வீட்டு முன்ரூம்தான் அவருக்கு ஆபீஸ். டிசைன் பண்றது தொழில். ஒரு பக்கம் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா பேனர். இன்னொரு பக்கம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சுத்துப்பட்டுல ஒருத்தர் போய்ட்டா, வாசல்ல பந்தல் போடறதுக்கு முன்னாடியே ஒரு ஆள் செத்தவங்க போட்டோவோட எங்க வீட்டுக்கு வந்து நிப்பாரு. இவரு அந்த மூஞ்சியை வெட்டி எடுத்து, கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி, கலைஞ்ச முடியைச் சரிபண்ணி, பின்னால நீல வானத்தை வெச்சு பிரஸ்ஸுக்கு அனுப்பிடுவாரு. பொணம் எடுக்கறதுக்குள்ள தெருச் சுவரெல்லாம் அந்த மூஞ்சி சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

ரெண்டு வேலையும் ஒரே நாற்காலியில உட்காந்துதான் செய்வாரு. ஆனா ரெண்டையும் ஒரே டிஸ்க்குல வைக்க மாட்டாரு. "பொண்ணு மாப்ள போட்டோவும் பொணத்து போட்டோவும் பக்கத்துல பக்கத்துல படுக்கக் கூடாது"ம்பாரு. கம்ப்யூட்டரை ஓட்டுற ஓஎஸ் இருந்தது சுப டிஸ்க்குல. மெஷின் கண்ணு முழிக்கறப்ப நல்லதுல முழிக்கணுமாம். முகூர்த்த நாள்னா இன்னும் மோசம். காலையிலேயே கம்ப்யூட்டர் பெட்டியோட பக்கத்து மூடியைக் கழட்டி, சாவு டிஸ்க்குக்குப் போற கேபிளை உருவி விட்டுடுவாரு. கல்யாண வீட்டுக்காரங்க வந்து உட்கார்றப்ப அந்த மூஞ்சிங்க எதுவும் உள்ள முழிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதாம்.

"ஊரு உலகத்துல டிஸ்க்குக்குத் தீட்டு பாக்கற ஒரே மனுஷன் நீங்கதான்"னு நான் கிண்டல் பண்ணுவேன். "நீ வேணா சிரி. வர்றவங்க சிரிக்க மாட்டாங்க"ன்னு சொல்லிட்டு வேலையைப் பார்ப்பாரு. பேசறதே அளந்துதான் பேசுவாரு. அதுக்கும் சேர்த்துத்தான் ஆண்டவன் எனக்கு வாயைக் குடுத்திருக்கான்.

போன வருஷம் அவரு போய்ட்டாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து உட்காந்தவரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. அன்னிக்கு முகூர்த்த நாள். கேபிளை அவரே உருவி விட்டுட்டுத்தான் உட்காந்திருந்தாரு.

அவருக்குப் போஸ்டர் அடிக்க எங்க வீட்டுல அன்னிக்கு ஆளு ஏது? என் தம்பி வேற ஒரு கடைக்கு ஓடினான். கையில கெடைச்சது வாக்காளர் அட்டைதான். அந்தத் தம்மாத்தூண்டு போட்டோவைப் பெருசாக்கி அடிச்சிட்டாங்க. கண்ணு ரெண்டும் இருட்டுக் குழி, கன்னம் ஒரு பக்கம் வீங்கி, போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல ஒட்டுவாங்களே, அந்தக் கணக்கா இருந்துச்சு. எத்தனை பேரு வீட்டுப் பொணத்தை அழகு பார்த்து அனுப்பினவரு! அவரு மூஞ்சி அப்படியா சுவத்துல நிக்கணும்? பால் வாங்கப் போனா கரண்ட் பெட்டி மேல அவரு. மார்க்கெட்டுக்குப் போனா மணிக்கூண்டு பக்கத்துல அவரு. மழை வந்து கிழிஞ்சு போற வரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனேன். துக்கத்தைவிட எனக்கு ஆத்திரந்தான் அதிகம்.

அப்பவே முடிவு பண்ணிட்டேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டரை நானே அடிப்பேன். அதுல நல்ல மூஞ்சி இருக்கும்.

நல்ல மூஞ்சி ஒண்ணு இருந்துச்சு, அது எனக்குத் தெரியும். இளநீலச் சட்டை, கண்ணாடி இல்லாம, லேசா சிரிச்ச மாதிரி. ஒருநாள் அடுப்படியில இருந்த என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீன்ல காமிச்சாரு. "எப்படி இருக்கேன்?" "ஏன், யாருக்கு மாப்ளயா போறீங்க?"ன்னு கேட்டுட்டு நான் கொழம்பைப் பார்க்கப் போய்ட்டேன். அவரு போன்லயும் ஆல்பத்துலயும் அவரு மூஞ்சியே கெடையாது. எம் பொண்ணு கல்யாணத்துலகூட படம் எடுத்தது அவருதானே. அந்த ஒரு போட்டோதான், அதுவும் இந்த மெஷினுக்குள்ளதான். வருஷம் திரும்பறதுக்குள்ள அது எனக்கு வேணும்.

பக்கத்துல உட்காந்து பார்த்துப் பார்த்தே எனக்குத் தொழில் கொஞ்சம் வரும். கல்யாண வேலையை மட்டும் எடுத்துக்கிட்டேன். சாவு வேலை வந்தா "இப்ப பண்றதில்லைங்க"ன்னு அனுப்பிடுவேன். அவரு உருவி விட்ட கேபிள் அப்படியே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் அதைத் தொடவே இல்ல. சுப டிஸ்க்குல மட்டும், ஓய்வு கெடைக்கிறப்ப எல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரா தொறந்து அந்த நீலச் சட்டையைத் தேடினேன். குப்பையா கொட்டி வெச்சிருந்தாரு மனுஷன்.

எங்க ஊரு மத்தியானத்தைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் கடைங்க ஷட்டரை இறக்கிடும். தெருவுல நாய்கூட நடக்காது. பிரெஞ்சுக்காரன் போய்ட்டான், அவன் பழக்கிவிட்ட மத்தியானத் தூக்கம் போகல. அப்படி ஒரு மத்தியானம் நான் நடு ரூம்ல தரையில படுத்திருக்கேன். முன்ரூம்ல யாரோ உச்சு கொட்டுற சத்தம். "த்சு... த்சு... த்சு..." எழவு வீட்டுக்கு வர்ற பொம்பளைங்க கொட்டுவாங்களே, அதே மாதிரி. நிதானமா, ஒவ்வொண்ணா.

துக்கம் விசாரிக்க யாரோ வந்திருக்காங்கன்னு நெனைச்சு எழுந்து போய்ப் பார்த்தா, ஆள் இல்ல. கதவு தாழ்ப்பாள் போட்டபடி இருக்குது. ஜன்னலுக்கு வெளியேயும் வெயிலைத் தவிர ஒண்ணுமில்ல. பின்னால திரும்பினா மறுபடியும் "த்சு." பெட்டிக்குள்ளேருந்துதான் வந்துச்சு. ஸ்கிரீன்ல ஒரு கல்யாணப் பொண்ணு பாதி வந்து நின்னுபோயிருந்தா. நெத்திச்சுட்டி, கண்ணு, மூக்குத்தி. வாய்க்குக் கீழே ஒண்ணுமே இல்ல. சுவிட்சை அமுக்கக்கூட கை போகல, பிளக்கையே பிடுங்கிட்டேன்.

எம் பொண்ணைக் கட்டிக்கொடுத்தது அரியாங்குப்பம். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. போன் போட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டா. காதை வெச்சுக் கேட்டா.

"ம்மா, டிஸ்க் போகப் போவுது. உள்ள முள்ளு தடவித் தடவிப் பார்க்குது, எழுதினது கெடைக்க மாட்டேங்குது. இனிமே இதை ஆன் பண்ணாத."

"உங்கப்பா போட்டோ அதுல இருக்குடி!"

"தெரியும்மா. என்ன வருமோ அதை எடுத்துத் தரேன். முதல்ல மெஷினுக்கு வழி பண்ணுவோம். எஸ்எஸ்டின்னு சுத்துற தட்டு, முள்ளு இல்லாத புது மாதிரி டிஸ்க் இருக்கு, பெருசா ஒண்ணு வாங்கி, ஓஎஸ்ஸு, கல்யாணம், சாவு எல்லாத்தையும் அதுலயே போட்டுடலாம். உள்ள பார்ட்டிஷன் போட்டுப் பிரிச்சுக்கலாம்."

"ஒரே ரூம்ல நடுவுல துணியைக் கட்டுனா ரெண்டு வீடு ஆயிடுமா?"

"அய்யோ, டிஸ்க்குக்கு ஏதும்மா தீட்டு? அப்பாவைத்தான் கிண்டல் பண்ணுவ, இப்ப நீயே ஆரம்பிச்சுட்ட."

"அவரு இருக்கறப்ப கிண்டல் பண்ணேன். இப்ப இல்ல. மூடிக்கிட்டு நான் சொல்றதைச் செய்."

கடைசியில ஒரு வழிக்கு வந்தோம். ஓஎஸ்ஸுக்கு மட்டும் சின்னதா ஒரு எஸ்எஸ்டி. கல்யாண வேலைக்குப் புதுசா ஒரு ஹார்ட் டிஸ்க். சாவு டிஸ்க் இருக்கற இடத்துல அப்படியே கெடக்கட்டும். பழைய சுப டிஸ்க்கைக் கழட்டி, அவ லேப்டாப்புல மாட்டி, இருக்கறதை மீட்கணும்.

மீட்கற வேலை நாள் கணக்கா ஓடுச்சு. லேப்டாப்பை எங்க வீட்டுலயே விட்டுட்டுப் போனா. அது பாட்டுக்கு உச்சு கொட்டிக்கிட்டே ஒவ்வொரு போட்டோவா வெளியே தள்ளும். நான் எதிர்ல உட்காந்து பார்ப்பேன். முதல்ல ஒழுங்காத்தான் வந்துச்சு. அப்புறம் சாம்பல் பட்டையா வர ஆரம்பிச்சுது. அப்புறம் வந்ததுதான் என்னால மறக்க முடியல. மேல ஒருத்தி கண்ணு, கீழ இன்னொருத்தி வாய். தலைப்பாகை கட்டின மாப்ள, மூக்குக்குக் கீழ அவன் ஒரு கைக்குழந்தை. ஃபைலெல்லாம் துண்டு துண்டா செதறிக் கெடந்து, மாத்தி ஒட்டிக்கிட்டு வருதாம். எம் பொண்ணு சுலபமா சொல்லிட்டா. மத்தியானத்துல தனியா உட்காந்து பார்த்தவ நானு. ஒவ்வொரு மூஞ்சியிலயும் அவரு நெத்தி வருமா, அவரு தாடை வருமான்னு தேடித் தேடிப் பார்த்தேன். பாதி அவரு வந்தாக்கூட வாங்கி வெச்சுக்குவேன்னு தோணுச்சு. அப்படி நெனைச்சதே பயமாத்தான் இருந்துச்சு.

அவரு வரல. லேப்டாப் முடிஞ்சுதுன்னு சொல்லிருச்சு. டிஸ்க்கும் வாயை மூடிக்கிச்சு.

"இதுல இருந்திருந்தா துண்டாவது வந்திருக்கும்மா"ன்னா எம் பொண்ணு. அவ கண்ணும் கலங்கிருச்சு. திதிக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. மறுபடியும் அந்த வாக்காளர் அட்டை மூஞ்சிதானா? அவ உட்காந்து புது எஸ்எஸ்டியை மாட்டி, ஓஎஸ் போட்டு, எல்லாத்தையும் சரிபண்ணிக் குடுத்துட்டுக் கெளம்பிட்டா.

புது மெஷின் சத்தமே போடாது. பழசு இருந்தப்ப உள்ள கரகரன்னு ஏதோ ஓடும், யோசிக்குதுன்னு தெரியும். இது அமுக்கின உடனே பளிச்சுன்னு முழிச்சுக்குது. கண்ணைத் தொறந்துக்கிட்டே படுத்திருந்தவன் மாதிரி.

அடுத்த முகூர்த்த நாள் குருசுக்குப்பத்துலேருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரங்க வந்தாங்க. பொண்ணோட அம்மாவும் சித்தியும். பேனருக்குப் பின்னால கடல் வேணும், படகு வேணும்னு கேட்டாங்க. படத்தை எடுக்கலாம்னு தொறக்கறேன், டிஸ்க் பட்டியல்ல மூணாவதா ஒண்ணு நிக்குது. அவரு வெச்ச பேரோட. சாவு.

அதை மாட்டவே இல்லையே! பட்டுன்னு மெஷினை அணைச்சு, "ஒரு நிமிஷம்மா, வயர் லூசு"ன்னு சொல்லிட்டு மூடியைக் கழட்டினேன். தொங்கிக்கிட்டு இருந்த கேபிள், ஒழுங்கா மாட்டியிருக்கு. அவரு எப்படி உருவுவாரோ அப்படியே உருவி விட்டுட்டு ஆன் பண்ணேன்.

கறுப்பு. மூலையில வெள்ளை எழுத்துல, ஆரம்பிக்கறதுக்கு டிஸ்க் இல்லன்னு போட்டுச்சு. அணைச்சேன், போட்டேன். அதே கறுப்பு. புது டிஸ்க்கு ரெண்டும் உள்ளதான் இருக்குது, ஆனா முழிக்க மாட்டேங்குது. வேற வழியில்லாம கேபிளை மறுபடியும் மாட்டினேன். பளிச்சுன்னு முழிச்சுக்கிச்சு. உருவினேன், செத்துப்போச்சு. மாட்டினேன், உசுரு வந்துச்சு. பொண்ணோட அம்மா என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "ஒடம்பு சரியில்லையாம்மா? நாங்க நாளைக்கு வர்றோம்"னு எழுந்துட்டாங்க. போறப்ப அந்தச் சித்தி பெட்டியை ஒரு மாதிரியா திரும்பிப் பார்த்துட்டுப் போனாங்க.

போன்ல எம் பொண்ணைக் கிழிச்சேன். "யாரைக் கேட்டுடி அந்த வயரை மாட்டுன?"

"தூசி தட்டறப்ப தொங்கிக்கிட்டு இருந்துச்சும்மா. கழண்டுபோச்சாக்கும்னு மாட்டினேன்."

"அது தானா கழண்டது இல்லடி. உங்கப்பா உருவினது. அவரு கடைசியா செஞ்ச வேலை அது."

அவ மெதுவா சொன்னா. ஓஎஸ் போடறப்ப பழைய டிஸ்க் ஒண்ணும் மாட்டியிருந்தா சில சமயம் இப்படி ஆயிடுமாம். ஓஎஸ் முழுக்கப் புதுசுலதான் இருக்கும். ஆனா முதல்ல எழுப்பி விடற துண்டு மட்டும் பழைய டிஸ்க்குல போய் உட்காந்துக்குமாம். "தப்பு என்னுதுதாம்மா. வந்து மாத்திடறேன்."

அப்போ இத்தனை நாளா என் மெஷின் கண்ணு முழிச்சது அந்தச் சாவு டிஸ்க்குலதான். காலையில விளக்கேத்திட்டு வந்து நான் அமுக்கறப்ப எல்லாம் முதல்ல எழுந்து வந்தது அந்த மூஞ்சிங்க இருக்கற இடம்.

மத்தியானமே வந்துட்டா. தெரு அடங்கிக் கெடந்துச்சு. மாத்தறதுக்கு முன்னாடி சாவு டிஸ்க்குல என்ன இருக்குன்னு பார்க்கணும்னு சொன்னா. "ம்மா, அப்பா போட்டோ இதுல இருக்குமோ?"

"அவரு ஏன்டி அதுல இருப்பாரு? வாயைக் கழுவு"ன்னு கத்தினேன். கத்தினேனே தவிர, தொறக்காதன்னு சொல்லல.

தொறந்தா தெருத்தெருவா இருக்காங்க. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஃபோல்டர், உள்ள மூஞ்சிங்க. எனக்குப் பூ குடுத்தவங்க, இட்லி மாவு அரைச்சவங்க, எம் பொண்ணுக்கு ஒண்ணாங் கிளாஸ் டீச்சர். எல்லாருக்கும் வெளிச்சம் ஏத்தி, முடி வாரி விட்டு, நீல வானத்துல நிக்க வெச்சிருந்தாரு. அத்தனை பேரும் எங்க ரெண்டு பேரையும் பார்த்து சிரிச்சாங்க. எம் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

கடைசியில "ரெடி"ன்னு ஒரு ஃபோல்டர். அது என்னன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில கைவிரிச்சதுமே சில வீட்டுக்காரங்க ரகசியமா வந்து சொல்லி வைப்பாங்க. இவரும் தேதியை மட்டும் காலியா விட்டு ரெடி பண்ணி வைப்பாரு. ஒரு தடவை அப்படி ரெடியான ஒரு பெரியவரு பொழைச்சு எழுந்து வந்து, எங்க வாசல்லயே நின்னு "சௌக்கியமா?"ன்னு கேட்டாரு. இவரு எச்சில் முழுங்கினது எனக்குத்தான் தெரியும்.

அந்த ஃபோல்டர்ல ரெண்டே ஃபைல். ஒண்ணுக்குப் பேரு "நான்". இன்னொண்ணுக்கு "அவ".

எம் பொண்ணு என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன். "நான்" தொறந்துச்சு. இளநீலச் சட்டை. கண்ணாடி இல்ல. லேசா சிரிச்ச மாதிரி. பின்னால வானம்கூட வெக்கல, வெறும் வெள்ளை. தோற்றம்னு போட்டுப் பொறந்த தேதி. மறைவுன்னு போட்டுக் காலி. கீழே, கண்ணீருடன் மனைவி, மகள், மருமகன். அடப்பாவி மனுஷா! சட்டை போட்டுக்கிட்டு வந்து எப்படி இருக்கேன்னு என்னைக் கேட்டது இதுக்குத்தானா? நான் கொழம்பைப் பார்க்கப் போய்ட்டேனே! அப்படியே தரையில உட்காந்து ஓன்னு அழுதேன். அவரு போனப்பகூட நான் அப்படி அழல. மூஞ்சி கெடைச்சிருச்சு. கண்ணும் கன்னமும் தாடையும் முழுசா, அவரு கையாலேயே சரிபண்ணின மூஞ்சி.

ரொம்ப நேரம் கழிச்சு எம் பொண்ணு, "இன்னொண்ணை விட்டுடலாம்மா"ன்னா.

"தொற."

வந்தது நான். எம் பொண்ணு கல்யாணத்துல எடுத்தது. பட்டுப்புடவை, நெத்தி நெறைய குங்குமம், யார்கிட்டயோ எதையோ சொல்லிச் சிரிக்கிறேன். என் கழுத்துச் சுருக்கத்தைக்கூட எடுத்து விட்டிருந்தாரு. சத்தமே இல்லாத அந்த மெஷின் முன்னாடி உட்காந்து நான் செத்த சேதியை நானே படிச்சேன். சொன்னா யாரு நம்புவாங்க? தோற்றம் இருந்துச்சு. மறைவு காலி. அதுக்குக் கீழே எழுதியிருந்தாரு, கண்ணீருடன் கணவர், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள்.

எம் பொண்ணுக்கு இன்னும் கொழந்தை இல்ல. வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.

அன்னிக்கே அந்த எழுப்பி விடற துண்டைப் புது எஸ்எஸ்டிக்கு மாத்திட்டா. இப்ப சாவு டிஸ்க் இல்லாமலே மெஷின் முழிக்குது. போஸ்டரும் அடிச்சோம். திதி அன்னிக்குத் தெரு முழுக்க நீலச் சட்டையில அவரு. நான் நிமிர்ந்து பார்த்துக்கிட்டே மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்தேன்.

சாவு டிஸ்க்கும் பழசாயிருச்சு, அதுல இருக்கறதைப் புதுசுக்கு மாத்தணும்னு போன வாரம் வந்தா எம் பொண்ணு. ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு வந்தவ, "அவ"கிட்ட வந்ததும் நின்னுட்டா. "ம்மா, இதை அழிச்சிடவா? இல்லன்னா அந்தக் கணவருங்கறதையாவது எடுத்துடவா? இப்ப அது தப்பாச்சேம்மா."

"கையை எடுடி"ன்னேன்.

ரேஷன் கார்டுல அவரு பேரை எடுத்தாச்சு. பாங்குல எடுத்தாச்சு. ஓட்டர் லிஸ்டுல எடுத்தாச்சு. நான் சாவற அந்த ஒரு தாள்ல மட்டும் அவரு உசுரோட இருக்காரு, பேரப்பிள்ளைங்க பக்கத்துல நின்னு எனக்காக அழுதுகிட்டு.

"அப்படியே மாத்து"ன்னேன். மாத்தினா.